காவிரிக்கு அக்கரையில் ஒரு குழந்தை

அண்ணன் மகள் ஜெர்மனிக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அடுத்ததாக அவள் கேட்ட கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

"ஒரு வருஷம் முதியோர் இல்லத்துல இருக்கணும் அத்தை. தங்க இடம் கொடுத்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பாங்க. சாயங்காலத்துல ரெண்டு வீட்டுல குழந்தை பார்த்துக்கிட்டா நாலு காசு சேரும்னு கூடப் படிக்கிற பொண்ணு சொல்றா. செய்யலாமா?"

அவள் பி.காம். முடித்தவள். ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்கு ஜெர்மன் வகுப்புக்குப் போய்வருகிறாள். போனிலேயே ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

ஆவணி மாதம். மேட்டூரில் நீர் திறந்து, முக்கொம்பில் மிச்சத்தைக் கொள்ளிடத்துக்குத் திருப்பியிருந்தார்கள். உத்தமர்கோவில் தாண்டியதும் ரயில் பாலத்தில் ஏற, இருட்டில் ஆறு தெரியவில்லை. ஈரக் காற்றும் இரைச்சலும்தான் ஜன்னலில் வந்தன. பெட்டியில் பாதிப் பேர் எழுந்து பையை இறக்கினார்கள். இந்தப் பக்கம் கொள்ளிடம், அந்தப் பக்கம் காவிரி. நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். ஆற்றைக் கடக்காமல் இந்த ஊருக்குள் வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது.

அண்ணன் வீடு கீழ அடையவளஞ்சான் தெருவில். காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. "பாட்டி குளிப்பாட்டறாங்க, போய்ப் பாருங்க, பார்க்க வேண்டிய விஷயம்" என்றார் அண்ணி.

பார்க்க வேண்டிய விஷயம்தான். கொல்லைப்புறத்தில் தாழ்வான மணையில் பாட்டி உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டியிருந்தார். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இரண்டு மாதக் கொள்ளுப்பேத்தி குப்புறக் கிடந்தாள். முதுகில் எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு பூசி, புறங்கையில் சூடு பார்த்துவிட்டுச் சொம்பிலிருந்து வெந்நீர் ஊற்றினார். திருப்பிப் போட்டதும் இடது கை தானாகக் குழந்தையின் புருவத்துக்கு மேல் மறைப்பாகப் போய் நின்றது. ஒரு சொட்டு மூக்கில் இறங்கவில்லை. முன்பெல்லாம் மூக்கிலும் காதிலும் ஊதிவிடுவாராம். டாக்டர் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார். உரைமருந்தை மட்டும் விடவில்லை. கல்லில் சுக்கு ஒரு இழைப்பு, கடுக்காய் ஒரு இழைப்பு, ஜாதிக்காய், மாசிக்காய், சுட்ட வசம்பு. குழந்தை மருத்துவர்கள் இதற்கும் சம்மதிப்பதில்லை. அந்த வழக்கில் பாட்டி இன்னும் தோற்கவில்லை.

அந்தக் கைகள் அமெரிக்காவுக்குப் போய்வந்தவை. பிள்ளைக்கு டல்லாஸில் வேலை. முதல் பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்ற சம்பந்தி ஆறு மாதம் இருந்தார். அவர் கிளம்புகிற வாரத்தில் இவர் போய் இறங்கினார். விசிட்டர் விசாவில் பொதுவாக ஒரு தடவைக்கு ஆறு மாதம்வரைதான் தங்க விடுவார்கள். குழந்தை நடக்கிறவரை இரண்டு பாட்டிகளும் கடலுக்கு மேல் ஷிப்டு மாற்றிக்கொள்வது இந்தத் தெருவில் பல வீடுகளில் நடக்கிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு இருக்க முடியவில்லை என்பது ஒன்றுதான் பாட்டிக்குக் குறை. "பகல் முழுக்க நானும் அந்தச் சிசுவும்தான். வாசல்ல ஒரு ஈ காக்கா கிடையாது. பெருமாள் புறப்பாடு மேளம் காதுல கேக்கற மாதிரியே இருக்கும்" என்றார்.

தன் பேரனைப் பாட்டி வளர்ப்பதற்குக் கூலி பேசுகிறவர் யாரும் இல்லை. ஆனால் அதே தெருவில் இன்னொருவர் இருக்கிறார். கணவர் இல்லை, சமையலிலும் பிரசவம் பார்ப்பதிலும் கை தேர்ந்தவர். ஒரு குடும்பம் அவரைப் பெரியம்மா என்று சொல்லி விசிட்டர் விசாவில் அழைத்துப்போனது. சம்பளம் இங்கே அவர் வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழும் என்று பேச்சு. மூன்று மாதம் விழுந்தது. பிறகு, "டிக்கெட் செலவைக் கழிச்சுக்கறோம்" என்றார்கள். கேட்பதற்கு அவர் கையில் ஒரு சீட்டு இல்லை. விசிட்டர் விசாவில் அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பதால், யாரிடமும் வாய் திறக்கவும் வழியில்லை. காலையில் ஐந்து மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொண்டால் இரவு பத்துக்குத்தான் இறக்கிவைப்பாராம். ஆவணத்தில் அவர் விருந்தாளி.

எழுத்து இருந்தால் மட்டும் போதாது, அது உண்மையாகவும் இருக்க வேண்டும். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரகப் பெண் அதிகாரி ஒருவர் கைதானது பலருக்கு நினைவிருக்கும். வீட்டு வேலைக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் இந்தியாவிலிருந்து அழைத்துப்போன பெண்ணுக்கு மணிக்கு 9.75 டாலர் என்று விசாவுக்கான ஒப்பந்தத்தில் காட்டிவிட்டு, மாதம் 30,000 ரூபாய் என்று தனியாக இன்னொரு ஒப்பந்தம் போட்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். கைதின்போது அந்த அதிகாரியை நடத்திய விதம் பற்றித்தான் இந்தியாவில் பேச்செல்லாம் நடந்தது. குழந்தை பார்த்த பெண்ணின் சம்பளக் கணக்கு பற்றிப் பேசியவர்கள் குறைவு.

மதியம் அண்ணன் மகளோடு கோவிலுக்குப் போனேன். ரங்கா ரங்கா கோபுரம் தாண்டிப் போகும்போது, தாயார் சந்நிதிப் பக்கம் நாலைந்து பெண்கள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கிக் கைங்கர்யம் செய்கிறவர்கள். கூட்ட நாளில் தண்ணீர் கொடுப்பவர், பிராகாரம் பெருக்குபவர், அன்னதானக் கூடத்தில் இலை எடுப்பவர் என்று கூலி கேட்காத கைகளால் நிறைந்த இடம் இது. "நானும் அதைத்தானே செய்யப் போறேன்" என்றாள் அவள்.

அப்போது கோயிலொழுகு பற்றி அவளிடம் சொன்னேன். இந்தக் கோவிலின் வரலாற்றுப் பதிவு அது. ராமானுஜர் இங்கே நிர்வாகத்தைச் சீர்செய்தபோது, ஐந்து பிரிவாக இருந்த பணியாளர்களைப் பத்துக் கொத்தாக விரித்தார் என்கிறது. எந்தக் கொத்துக்கு எந்த வேலை, எந்த நாளில், அதற்கு என்ன மரியாதை, என்ன பங்கு என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. பெருமாளுக்குச் செய்யும் தொண்டுதான். பக்தியில் யாருக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் வேலை இன்னது, கிடைப்பது இன்னது என்று எழுதிவைத்தார்கள். எழுதியதனால் தொண்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை. எழுதாத இடத்தில்தான் செய்கிறவர் தேய்ந்துபோகிறார். எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் கடந்து மலைக்கோட்டைக்குப் போனோம். குழந்தை பார்க்கும் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டு திருச்சிக்கு வந்தவர் தாயுமானவரைப் பார்க்காமல் போகக் கூடாது.

கதை தெரிந்ததுதான். ரத்தினாவதிக்குப் பேறுகாலம். துணைக்கு வர வேண்டிய தாய் காவிரிக்கு அக்கரையில். ஆற்றில் வெள்ளம், பரிசல் போகாது. பெண் இறைவனைக் கூப்பிட, அவர் அவளுடைய தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்து, மருந்து அரைத்து, குழந்தையைக் குளிப்பாட்டினார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து நின்றபோது வீட்டில் இரண்டு தாய்கள். வந்த வேலை முடிந்ததென்று ஒருவர் மறைந்துபோனார். சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இதை நடத்திக்காட்டுவார்கள். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து வைக்கிறார்கள். நாங்கள் போனபோதும் மண்டபத்தில் ஒரு இளம் தகப்பன் தாரைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். மாமியாரின் கையில் குழந்தை.

இந்தக் கதையில் நாம் எப்போதும் இறைவனையும் மகளையும் பார்க்கிறோம். எனக்கு அன்று அக்கரையில் நின்ற தாயின் நினைவாகவே இருந்தது. மருந்தும் எண்ணெயும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தவள், தன் பெண் அந்தப் பக்கம் துடிக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எத்தனை இரவு நின்றாளோ. இன்று அப்படி நிற்கிற பெண்கள் வேறு மாதிரி. வேறொருத்தி பெற்ற குழந்தையை அக்கரையில் குளிப்பாட்டிக்கொண்டு, இக்கரையில் விட்டுவந்த தன் குழந்தையை போனில் பார்க்கிறார்கள்.

அப்படி ஒருவரைக் கீழே மாணிக்க விநாயகர் சந்நிதிக்கு அருகிலேயே பார்த்தேன். தொட்டியம் பக்கத்துக்காரர். பழக்கடையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மகள் ஜெர்மனி, குழந்தை என்று என்னிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அவரே ஆரம்பித்தார். "எந்த விசா பாப்பா? நான் குவைத்துல இருந்தேன். இருபதாம் நம்பர் விசா."

குவைத் போனவர்களிடம் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கம்பெனி வேலைக்கு 18, வீட்டு வேலைக்கு 20. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணை நம் ஊர்ப்பக்கம் கத்தாமா என்கிறார்கள். எட்டாம் வகுப்பு படித்தவர். முதல் தடவை போனபோது வயது 27. வீட்டுக்காரர் குடித்தே இறந்துவிட்டார்; நான்கு வயதுப் பெண் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இங்கே சட்டம் சொல்வதைச் சொல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 ஆகஸ்டிலிருந்து இந்தப் பெண்களைத் தனியார் ஏஜெண்டுகள் அனுப்பக் கூடாது. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில் இருக்கிறது. இப்படி முறையாகப் போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு உண்டு: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்சம் ரூபாய் பாதுகாப்பு. மற்ற வேலைகளுக்கு ஆள் எடுக்கும் உரிமம் பெற்ற ஏஜெண்டும் 30,000 ரூபாய்க்கும் அதற்கான வரிக்கும் மேல் வாங்கக் கூடாது.

இந்த வேலியைத் தாண்டுவதற்கு ஏஜெண்டு கண்டுபிடித்த வழி விசிட் விசா. சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு அனுமதி எதற்கு? அந்த அம்மாவைத் துபாய்க்குச் சுற்றுலா என்று ஏற்றி, அங்கே ஒரு அறையில் பன்னிரண்டு பெண்களோடு உட்காரவைத்து, பிறகு குவைத்துக்கு மாற்றினார்கள். இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை எஜமானர் வாங்கிவைத்துக்கொண்டார். குவைத்தில் 2015இல் வந்த 68ஆம் எண் சட்டம் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்கிறது. வாரம் ஒரு நாள் ஓய்வு, நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்கிறது. குறைந்தபட்சச் சம்பளத்தை மறு ஆண்டு 60 தினார் என்று வகுத்தார்கள். "அப்படி ஒரு சட்டம் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது.

மூன்று குழந்தைகள் அந்த வீட்டில். எஜமானரை பாபா, எஜமானியை மாமா என்று கூப்பிட வேண்டும். கடைக்குட்டி பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து இவர் கையில்தான். தொட்டியத்தில் பாடுகிற தாலாட்டைத்தான் பாடினார். வேறு எது தெரியும்? குழந்தை முதலில் பேசிய சொல் தமிழ்ச் சொல். அன்று அந்த வீட்டு அம்மா முகம் மாறிவிட்டதாம். அதற்குப் பிறகு சமையற்கட்டுக்கு மாற்றினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை தட்டிக்கொண்டே இருக்கும், திறக்கக் கூடாது என்று உத்தரவு.

"உங்க பொண்ணு?" என்று கேட்டேன்.

"அவளுக்கு நான் போனு. போன்ல தெரியிற அம்மா. வந்து இறங்கின அன்னிக்கு எங்கம்மா முந்தானைக்குப் பின்னால போய் நின்னுக்கிச்சு." இப்போது அந்தப் பெண் முசிறியில் பள்ளியில் படிக்கிறாள். இரண்டாம் தடவை முறையாக, வயது நிறைந்தபின், அனுமதி வாங்கிப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக்குக் காங்கிரீட் போட்டார். "ரெண்டு தடவையும் வேலை ஒண்ணுதான். ரெண்டாந்தடவ மாசாமாசம் பணம் பேங்க்குல விழுந்துச்சு, வெள்ளிக்கிழமை லீவு இருந்துச்சு. பேப்பர் இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். அண்ணன் மகள் ஒரு சீப்பு பூவன் வாங்கினாள். மேற்கொண்டு பணம் வாங்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சில்லறை கொடுத்தார்.

வீட்டு வேலை செய்கிறவர்களும் தொழிலாளர்களே என்று சொல்லும் 189ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஒப்புதல் மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை. நம் பெண்களுக்காகக் குவைத்திடமும் ரியாத்திடமும் பேசும்போது, நம் நாட்டில் என்ன நிலை என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வோம்?

அடுத்தவர் குழந்தையைப் பார்க்கும் இந்த வேலை இன்று நேற்று வந்ததல்ல. திருச்சியில் வெள்ளைக்காரக் குழந்தைகளைத் தமிழ்ப் பெண்கள் தூக்கி வளர்த்த காலம் ஒன்று உண்டு. பட்டாளம் இருந்த ஊர். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமும், 1920களின் இறுதியில் பொன்மலைப் பணிமனையும் வந்தபின் துரைமார் வீடுகள் பெருகின. அந்த வீடுகளின் ஆயாக்களைப் பற்றி எழுதியவர் குறைவு. ஆனால் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறும்போது மதராஸ், கல்கத்தா, பம்பாயிலிருந்து கூடவே அழைத்துப்போன ஆயாக்களின் தடம் லண்டனில் இருக்கிறது. வழியெல்லாம் வாந்தியெடுக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இறங்கியதும் சில குடும்பங்கள், இனி நீ வேண்டாம் என்று விட்டுவிடும். திரும்பிப் போகச் சீட்டு இராது. இவர்களுக்காக இருந்த ஆயாக்கள் இல்லம் 1900இல் ஹாக்னி பகுதியின் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26ஆம் எண் வீட்டுக்கு வந்தது. இந்தியாவுக்குப் புறப்படும் இன்னொரு குடும்பத்தைத் தேடி, அவர்களின் குழந்தையைப் பார்க்கும் வேலையில் ஆயாவை ஊருக்கு அனுப்பிவைப்பது இல்லத்தின் முக்கியப் பணி. வேலை இருந்தால்தான் வீடு திரும்ப முடியும். 2022 ஜூனில் அந்த வீட்டுச் சுவரில் நீலப் பலகை பதித்தார்கள். தாமதம்தான், ஆனாலும் அந்தப் பெண்கள் அங்கே இருந்தார்கள் என்று ஒரு சுவராவது சொல்கிறது.

மாலையில் ஒரு ஜெர்மன் பெண் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ஊருக்கு வெளியே ஒரு குழந்தைகள் இல்லத்தில் தொண்டு செய்கிறாள். அண்ணன் மகளுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்துவிட்டு அண்ணியிடம் ரசம் கற்றுக்கொள்கிறாள். கன்டோன்மென்ட்டில் ஒரு வசதியான குடும்பம், குழந்தையோடு தினமும் இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசி விளையாட அவளுக்கு நல்ல பணம் தருவதாகக் கூப்பிட்டது. மறுத்துவிட்டாள். இந்தியாவுக்குச் சுற்றுலா விசாவில் வருகிறவர் ஒரு மாதத்துக்கு மேற்படாமல், எந்தப் பணமும் பெறாமல் தொண்டு செய்யலாம். அதற்கு மேல் என்றால் வேலை விசா. அதில் தொண்டு நிறுவனத்தின் பெயரும் இடமும் எழுதியிருக்கும், மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. "என் விசாவில் அந்தக் குடும்பத்தின் பெயர் இல்லையே" என்றாள் எளிமையாக. இவளுக்குச் சொல்லித்தர ஆள் இருந்தது. தொட்டியத்து அம்மாவுக்கு இல்லை. இருவருக்கும் இடையே நான் கண்ட பெரிய வித்தியாசம் அதுதான்.

அண்ணன் மகளுக்கான பதிலும் அதிலேயே வந்துவிட்டது. ஜெர்மனியில் தன்னார்வ ஆண்டுக்கு வருகிறவருக்குக் கிடைக்கும் அனுமதி அந்தத் தொண்டுக்கு மட்டுமானது. வேறு வேலை செய்ய வெளிநாட்டவர் அலுவலகம் தனியாக அனுமதிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் பக்கத்து வீட்டுக் குழந்தையை மாலையில் பார்த்துக் காசு வாங்கினால், பணம் தராவிட்டாலும் கேட்க முடியாது, குழந்தைக்கு அடிபட்டாலும் காப்பீடு இல்லை, பிடிபட்டால் அந்த ஒரு வருடமே போய்விடும். குழந்தைகளோடுதான் இருக்க வேண்டும் என்றால் நேர் வழிகள் உண்டு. தன்னார்வ ஆண்டையே மழலையர் பள்ளியில் செய்யலாம். அல்லது ஓபேர் என்று ஒரு முறை இருக்கிறது: 27 வயதுக்குள் இருக்க வேண்டும், அடிப்படை ஜெர்மன் தெரிய வேண்டும், ஒரு குடும்பத்தோடு தங்கி வாரம் 30 மணி நேரத்துக்கு மிகாமல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாதம் 280 யூரோ கைச்செலவு, உணவு, தனி அறை, காப்பீடு, மொழி வகுப்புக்கு உதவி. கொழிக்கிற பணம் இல்லை. கொடுப்பது இன்னது என்று ஒப்பந்தத்தில் இருக்கும்.

அன்றிரவு அண்ணனின் நண்பரை வழியனுப்ப விமான நிலையம் போனோம். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தின் முகப்பிலேயே கோபுரச் சாயலும் வண்ணமும். சிங்கப்பூர் விமானத்துக்கான வரிசையில் ஒரு பெண் தனியாக நின்றாள். புதிய பெட்டி, புதிய செருப்பு, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் தாள்கள். வழியனுப்ப வந்த அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று, தாள்கள் பத்திரமா என்று சைகையில் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டு வேலைக்குத்தான் போகிறாள் என்று அந்த அம்மா சொன்னார். இரட்டைக் குழந்தைகள் உள்ள வீடாம்.

சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை. அங்கே போகிறவருக்கு இங்கே குடிபெயர்வு அனுமதி கேட்பதில்லை. அங்குள்ள விதிதான் அவருக்குத் துணை. முதல்முறை போகிறவருக்கு 23 முதல் 49 வயது, எட்டு ஆண்டுப் படிப்பு, போனதும் ஒரு நாள் அறிமுக வகுப்பு. அனுமதிச் சீட்டில் எழுதிய வீட்டில் மட்டும்தான் வேலை; அத்தை வீட்டுக்கும் கொஞ்சம் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பக் கூடாது. வாரம் ஒரு நாள் ஓய்வு. பணம் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்ததை மாற்றி, 2023இலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது கட்டாயம் விட வேண்டும் என்றாக்கியிருக்கிறார்கள். அங்கே பிள்ளை பெற்ற வீட்டுக்கு 16 வாரம் வந்து தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் தாதிக்கென்றே தனி அனுமதியும் உண்டு. அது மலேசியப் பெண்களுக்கு மட்டும். அடையவளஞ்சான் தெருப் பாட்டியின் கலையை ஒரு நாட்டு அரசாங்கம் தனி வேலையாக மதித்துச் சீட்டு கொடுக்கிறது என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் ஊரில் அதற்குச் சீட்டும் இல்லை, சம்பள விகிதமும் இல்லை.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் அவள் ஓபேர் விண்ணப்பத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குடும்பத்திடம் கேட்க வேண்டியவற்றை ஒரு நோட்டில் தமிழில் எழுதி, பிறகு ஜெர்மனில் மாற்றுவதாகத் திட்டம். குழந்தைக்கு என்ன வயது. காலையில் எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு. ராத்திரி அழுதால் யார் எழுந்திருப்பது. சமையலும் துணி துவைப்பதும் எனக்கா, எல்லாருக்குமா. ஓய்வு நாள் எது. மொழி வகுப்பு எவ்வளவு தூரம். உடம்புக்கு முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் என்னிடமே இருக்கும் என்பதை எழுதித் தருவீர்களா. கடைசிக் கேள்வி தொட்டியத்து அம்மாவிடமிருந்து வந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுப்படியிலிருந்து அண்ணி ஈரக் கையோடு வந்து நோட்டைப் படித்தார். "ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கான்னு கேளு."

"தனி ரூம் கொடுக்கணும்னு விதியிலேயே இருக்கும்மா."

"இருக்கட்டும். அதையும் எழுது."

அவள் எழுதினாள்.